‘இன்னும் சரியா வரலையே!’ – வாசகர் கேள்வி பதில்

‘செய்ததையே திரும்பத் திரும்பத் திருத்துகிறேன், யார் பாராட்டினாலும் நம்ப முடியவில்லை’ என்கிற கடிதங்கள் இந்த முறை கொத்தாக வந்திருக்கின்றன. எழுதியவர்களில் பலர் ஏதாவதொரு குழுவில், நல்ல மனிதர்கள் நடுவில் இருக்கிறார்கள். அப்படியிருந்தும் சந்தேகம் தீரவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் மனநல ஆலோசகர்கள் பதில் சொல்கிறார்கள். பெயர் வேண்டாமென்று பலரும் கேட்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: வீட்டிலிருந்தபடியே ஆரி எம்பிராய்டரி வேலை செய்கிறேன். ஆரி கற்ற பெண்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். எதைப் போட்டாலும் ‘சூப்பர்க்கா’ என்பார்கள். எனக்கு அது மனசில் ஒட்டுவதே இல்லை. சும்மா சொல்கிறார்கள் என்று தோன்றும். ராத்திரி உட்கார்ந்து பிரிப்பேன். ஒரு ரா சில்க் ஜாக்கெட்டின் கையை நான்கு தடவை பிரித்ததில் துணியே நைந்துவிட்டது, சொன்ன தேதியும் தவறிவிட்டது. இந்தத் தொழில் எனக்குச் சரிப்படாதோ? – வாசகி, ஈரோடு

பதில்: துணியிலிருந்தே தொடங்குவோம். பட்டிலும் ரா சில்க்கிலும் ஊசி போன ஓட்டை முழுசாக மூடாது. இரண்டாம் முறை போடும்போது ஊசி பழைய ஓட்டைக்குள் வழுக்கும்; தையல் நீளம் ஒன்றுபோல் வராது. அதைப் பார்த்து மறுபடி பிரிக்கிறீர்கள். நான்காம் முறை நீங்கள் பிரித்தது, முன்பு மூன்று முறை பிரித்ததால் வந்த பிழையை. முதல் தையலில் இருந்த குறை அதைவிடச் சின்னதாகத்தான் இருந்திருக்கும்.

‘நல்லா வரும்வரை செய்வேன்’ என்பது எல்லை இல்லாத வேலை. எல்லையைத் துணி பிரேமில் ஏறுவதற்கு முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போது, எழுதி வைக்க வேண்டும். உங்கள் தொழிலில் பிரித்தே ஆக வேண்டிய பிழைகள் மூன்றுதான். சங்கிலித் தையலின் கடைசிக் கண்ணி முடிச்சுப் போடாமல் நிற்பது (இழுத்தால் முழு வரிசையும் உருவிக்கொண்டு வந்துவிடும்). இரண்டு கைகளின் டிசைன் ஒரு விரற்கடைக்கு மேல் ஏறி இறங்கி இருப்பது. கேட்ட நிறம் மாறிப்போனது. இவற்றில் சேராத எதையும் பிரிப்பதில்லை என்று காகிதத்தில் எழுதி பிரேமின் ஓரத்தில் ஒட்டுங்கள். தையல் நீளத்தில் சந்தேகம் இருந்தால் அதே துணியின் வெட்டுத்துண்டில் முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம். ஜாக்கெட் துணி பரிசோதனைக்கூடம் ஆகக் கூடாது.

பார்க்கும் நேரத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும். டிசைன் அச்சு எடுத்ததும் ஒரு முறை, முதல் பூ முடிந்ததும் ஒரு முறை, பிரேமிலிருந்து இறக்கிய பிறகு ஒரு முறை. கடைசிப் பார்வை பகலில், ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டி, மூன்றடி தள்ளி நின்று. நீங்கள் ராத்திரி டியூப்லைட்டில், முகத்துக்கு ஒரு அடிக்குள் வைத்து, முறுக்கி இழுத்துக் கட்டிய துணியில் தீர்ப்புச் சொல்கிறீர்கள். கல்யாண வீட்டில் யாரும் அந்தத் தூரத்தில் நின்று ஜாக்கெட்டைப் பார்க்கப் போவதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் செய்து 2000-ல் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. போட்டுக்கொள்ளக் கூச்சப்படும் ஒரு பாடகர் படம் போட்ட டி-ஷர்ட்டோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான். நெஞ்சில் பெரிதாக இருந்த படத்துக்கே அந்தக் கதி என்றால், முதுகுக் கழுத்தோரம் அரை மில்லிமீட்டர் நீண்ட தையலுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள்.

இனி குழு. ‘எப்படி இருக்கு?’ என்று போட்டால் ‘சூப்பர்’ என்றுதான் வரும், வேறென்ன சொல்வார்கள்? அந்த வார்த்தை தரும் நிம்மதி கொஞ்ச நேரம்தான். அது தீர்ந்ததும் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பாராட்டு தேவைப்படும். ஆறுதல் கேட்கக் கேட்க, கேட்காமல் இருக்க முடியாது என்கிற பழக்கம்தான் வளரும். ஆகவே பதிலைச் சரிபார்க்கக் கூடிய கேள்வியாகக் கேளுங்கள்: ‘இடது கை மாங்காயும் வலது கை மாங்காயும் ஒரே உயரத்தில் இருக்கா?’, ‘கழுத்தோரத்தில் துணி எங்கேயாவது சுருக்கிக்கிட்டு இருக்கா?’ அனுபவமுள்ள இரண்டு பேரிடம், தனிச் செய்தியில், ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரே ஒரு முறை.

இதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. ஜாக்கெட்டைக் கொடுக்கப் போகும் முன் எழுதுங்கள்: ‘கஸ்டமர் குறை சொல்வார் என்பதற்கு வாய்ப்பு இத்தனை சதவீதம். சொல்லப்போகும் குறை இது.’ கொடுத்துவிட்டு வந்து, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே பக்கத்தில் எழுதுங்கள். பத்து ஜாக்கெட் போன பிறகு இரண்டு பத்திகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாராட்டை நம்ப முடியாதவர்கள்கூட, தன் கையெழுத்தில் தானே போட்ட கணக்குத் தப்பியதை நம்புவார்கள். அதே நோட்டில் பிரித்த மணி நேரங்களையும் குறித்து வையுங்கள். அந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. தொழில் சரிப்படுமா இல்லையா என்பதை அந்தக் கணக்கைச் சரிசெய்த பிறகு முடிவு செய்யலாம்.

கேள்வி: பெர்ஃபெக்‌ஷனிசம், அதாவது எதிலும் குறையே கூடாது என்று நினைப்பது, நல்ல குணம்தானே? இன்டர்வியூவில் ‘உங்கள் பலவீனம் என்ன’ என்றால் அதைத்தானே சொல்லச் சொல்கிறார்கள்? – வாசகர், கோவை

பதில்: சொல்லச் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு அது வேலைக்கு ஆகும் பதில். உயர்ந்த தரம் வேண்டும் என்று நினைப்பதில் கெடுதல் எதுவும் இல்லை. தரம் தவறினால் ‘வேலை சரியில்லை’ என்று நினைக்கிறீர்களா, ‘நான் சரியில்லை’ என்று நினைக்கிறீர்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரண்டாவதை நினைப்பவர் வேலையைத் தொடங்கவே தயங்குவார், தொடங்கினால் முடிக்க மாட்டார், முடித்தால் காட்ட மாட்டார். மொத்தத்தில் அவர் கையிலிருந்து வெளியே வருவது குறைவு.

கனடா உளவியலாளர்கள் பால் ஹியூவிட், கார்டன் ஃபிளெட் இருவரும் 1991-ல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: என்னிடம் நான் எதிர்பார்ப்பது, பிறரிடம் நான் எதிர்பார்ப்பது, ஊர் என்னிடம் எதிர்பார்ப்பதாக நான் நினைப்பது. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் அதிகம் ஒட்டிக்கொண்டு வருவது மூன்றாவது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விடைகளை 1989 முதல் 2016 வரை ஒப்பிட்ட ஆய்வில் மூன்று வகையுமே கூடியிருந்தன: முதல் வகை 10 சதவீதம், இரண்டாவது 16, மூன்றாவது 33. நம் ஊரில் ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ என்று ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடுவோமே, அதுதான் அந்த மூன்றாவது வகை.

கேள்வி: பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான்தான். இப்போது சென்னையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு. மதிப்பெண் நன்றாகவே வருகிறது. ஆனாலும் ‘தெரியாமல் உள்ளே விட்டுவிட்டார்கள், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்’ என்று பயம். செமினார் என்றால் இரண்டு வாரம் தூக்கம் போய்விடும். சீனியர் அக்காக்கள் ‘நீ நல்லாத்தானே பேசுற’ என்கிறார்கள். – வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: இந்தப் பயத்தை 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். படிப்பிலும் தொழிலிலும் சாதித்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களோடு பேசிய அனுபவத்தில் அவர்கள் கண்டது, வெற்றி கூடக் கூடப் பயம் குறையவில்லை என்பது. காரணம் ஒரு சுழற்சி. வேலை வந்ததும் ஒன்று தேவைக்கு இரண்டு மடங்கு தயாரிப்பு, இல்லையென்றால் கடைசி நாள் வரை தள்ளிப்போடல். நல்லபடியாக முடிந்தால், அதிகம் உழைத்தவர் ‘உழைப்பால் தப்பித்தேன், திறமையால் இல்லை’ என்பார். தள்ளிப்போட்டவர் ‘அதிர்ஷ்டம்’ என்பார். இரண்டு வழியிலும் வெற்றி உங்கள் கணக்கில் வரவாகாது. அடுத்த செமினாருக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடக்கம்.

அக்காக்களின் வார்த்தை வேலை செய்யாததும் இதனால்தான். அது முடிவைப் பற்றிய பாராட்டு. உங்கள் சந்தேகமோ காரணத்தைப் பற்றியது. காரணத்தைச் சோதித்துப் பாருங்கள். அடுத்து வரும் இரண்டு செமினார்களில் ஒன்றுக்கு வழக்கம்போல் தயாராகுங்கள். மற்றதற்கு மொத்தம் ஆறு மணி நேரம்தான் என்று வரையறுங்கள்: படித்துக் குறிப்பெடுக்க மூன்று, ஸ்லைடுக்கு ஒன்றரை, வாய்விட்டுப் பேசிப் பார்க்க ஒன்றரை. பத்து நிமிடச் செமினாருக்கு ஆறேழு ஸ்லைடு போதும். முழுவதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வார்த்தை மறந்தால் சங்கிலி அறுந்து எல்லாம் போய்விடும். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் திணறும் இடம் இதுதான். முதல் மூன்று வாக்கியம், கடைசி ஒரு வாக்கியம், இவை மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் ஸ்லைடுக்கு நாலு சொல் கொண்ட குறிப்பட்டை. தெரியாத கேள்வி வந்தால் சொல்ல ஒரு வாக்கியம் கைவசம் இருக்கட்டும்: ‘இதற்குச் சரியான விடை பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்.’ பேராசிரியர்களும் அதைத்தான் செய்கிறார்கள். முடிந்ததும் இரண்டு செமினாருக்கும் கிடைத்த மதிப்பெண்ணையும் கேள்விகளையும் ஒப்பிடுங்கள்.

அக்காக்களிடம் இனிமேல் ‘எப்படிப் பேசினேன்’ என்று கேட்பதைவிட, அவர்களின் முதல் செமினார் எப்படிப் போனது, எதில் திணறினார்கள், எப்படிச் சமாளித்தார்கள் என்று கேளுங்கள். மற்றவர்களின் மேடையும் உங்களுடைய ஒத்திகையும்தான் இதுவரை உங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வகுப்பில் யாராவது உங்கள் ஆங்கிலத்தைக் கேலி செய்தாலோ, ஆசிரியர் தமிழ் வழி மாணவர்களைக் கண்டுகொள்ளாமல் போனாலோ, அந்தச் சந்தேகம் உங்களுக்குள் முளைத்தது இல்லை, வெளியிலிருந்து ஊட்டப்பட்டது. அதற்கு மனப்பயிற்சி மருந்தாகாது. வகுப்பு ஆலோசகரிடம் தேதியோடு, நடந்ததோடு சொல்லுங்கள்.

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். நூலகத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து படிக்கிறோம். என் நோட்ஸ்தான் குழுவிலேயே அழகு என்பார்கள். ஆனால் மூன்று தடவை திருத்தி எழுதியும் திருப்தி இல்லை. மாதிரித் தேர்வு எழுதப் பயம். ‘முழுசாப் படிச்சிட்டு எழுதலாம்’ என்று தள்ளிக்கொண்டே போகிறது. – வாசகர், திருநெல்வேலி

பதில்: முழுசாகப் படித்து முடிக்கும் நாள் வராது. அழகான நோட்ஸ் ஒரு பொறி. மூன்றாம் முறை எழுதும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். உண்மையில் அந்தப் பக்கம் கண்ணுக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பாடத்தை நான்கு முறை படித்த மாணவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் எந்தக் கூட்டம் தெரியுமா? நான்கு முறை படித்தவர்கள்.

ஆகவே நான்காம் நோட்டு வேண்டாம். ஒரு தலைப்புக்கு ஏ4 தாளில் இரண்டு பக்கம் என்று வரம்பு போட்டு, அடித்தல் திருத்தலோடு அப்படியே விடுங்கள். மறுநாள் காலை அதை மூடிவைத்து, வெற்றுத்தாளில் பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதுங்கள். விட்டதைச் சிவப்பில் சேருங்கள். ஏழாம் நாள் மறுபடி. இந்தத் தாள் அசிங்கமாகத்தான் இருக்கும். அதைக் குழுவில் காட்டலாம். அழகான நோட்ஸைக் காட்டுவதை நிறுத்துங்கள், ஏனென்றால் அந்தப் பாராட்டுதான் உங்களை மறுபடி எழுத வைக்கிறது.

மாதிரித் தேர்வு இந்த ஞாயிறே. 200 கேள்வி, மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடி. குறையே கூடாது என்று நினைப்பவர்கள் இங்கே வழக்கமாக மாட்டுவது ஏதோ ஓர் இருபதாம் கேள்வியில். ‘தெரிந்த கேள்வியாச்சே’ என்று ஐந்து நிமிடம் நிற்பார்கள். கடைசி முப்பது கேள்விகளைப் படிக்காமலே நிரப்புவார்கள். மூன்று சுற்றாகப் பிரியுங்கள். முதல் 100 நிமிடம் பார்த்ததும் தெரிகிற கேள்விகள் மட்டும். மற்றதற்குக் கேள்வித்தாள் ஓரத்தில் ஒரு புள்ளி. அடுத்த 50 நிமிடம் புள்ளி வைத்தவை. கடைசி 30 நிமிடம் விடைத்தாளில் எண் மாறாமல் நிரப்பியிருக்கிறோமா என்ற சரிபார்ப்பு. பேனாவால் நிரப்பிய வட்டத்தை மாற்ற வழியில்லை என்பதால் ‘இது சரிதானா’ என்று நிரப்பியதையே மறுபடி யோசிப்பதில் பலன் ஏதும் இல்லை. மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் குழுவில் சொல்லிவிடுங்கள். முதல் ஆள் 110 என்று சொன்னால், 95 வாங்கி மறைத்து வைத்திருக்கும் இரண்டு பேர் வாய் திறப்பார்கள்.

கேள்வி: சிறுகதை எழுதுகிறவர்களுக்காக ஒரு குழு நடத்துகிறேன், நாற்பது பேர். யாரையும் புண்படுத்தக் கூடாது என்பது விதி. இப்போது எல்லாக் கதைக்கும் ‘அருமை’, கைதட்டல் பொம்மை. நன்றாக எழுதும் இரண்டு பேர் ஆறு மாதமாக எதுவும் போடவில்லை; கேட்டால் ‘இன்னும் மெருகேத்தணும்’ என்கிறார்கள். அன்பாக இருந்தும் ஏன் இப்படி? – வாசகர், புதுச்சேரி

பதில்: அன்பு போதாததால் வந்த சிக்கல் அல்ல இது; குழுவில் வேலை முறை இல்லை. ‘அருமை’ மட்டுமே கிடைக்கும் இடத்தில், குறைவாகக் கிடைத்த ‘அருமை’ ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. போன கதைக்கு முப்பது கைதட்டல், இந்தக் கதைக்குப் பன்னிரண்டு. தன்மேல் சந்தேகம் உள்ளவர் அந்தப் பதினெட்டை வைத்து ராத்திரி முழுக்கக் கணக்குப் போடுவார். மெருகேற்றப் போன இருவரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறோம்.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-ல் உருவாக்கிய ஒரு முறை பல கலைகளில் பயன்படுகிறது. நான்கு படிகள். முதலில், கேட்பவர்கள் தங்களைத் தொட்டது, மனதில் நின்றது எது என்று சொல்வார்கள். இரண்டாவது, எழுதியவர் கேள்வி கேட்பார். மூன்றாவது, கேட்பவர்கள் தங்கள் அபிப்பிராயத்தைக் கலக்காமல் கேள்வி கேட்பார்கள். நான்காவது, ‘இதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது, சொல்லலாமா?’ என்று அனுமதி கேட்டு, கிடைத்தால் சொல்வார்கள். எழுதியவர் ‘வேண்டாம்’ என்றும் சொல்லலாம்.

உங்கள் குழுவுக்கு இப்படி மாற்றிக்கொள்ளலாம். வாரம் ஒரு கதை, 1,200 வார்த்தைக்குள். முறை வைத்து நான்கு பேர் மட்டும் கருத்துச் சொல்பவர்கள். மற்றவர்கள் கேட்கலாம், பேசக் கூடாது. நீங்கள் நடத்துநர். குரல் அழைப்பில் 45 நிமிடம்: பத்து, பதினைந்து, பத்து, பத்து. நீண்ட நேரம் இரண்டாவது படிக்குத்தான். அதுதான் உங்கள் ஆட்களுக்குக் கடினமும். ‘எல்லாம் ஓகேவா?’ என்பார்கள். அந்தக் கேள்வியை ஏற்காதீர்கள். எந்தப் பத்தியில், எது சந்தேகம் என்று சொல்ல வையுங்கள்: ‘அண்ணன்காரன் பொய் சொல்கிறான் என்று மூன்றாம் பத்தியிலேயே தெரிந்துவிட்டதா?’ இதற்கு ‘அருமை’ என்று யாரும் பதில் சொல்ல முடியாது.

எங்கே சறுக்கும் என்றும் சொல்லிவிடுகிறோம். முதல் படி பாராட்டுப் போட்டியாகும். ‘ரொம்ப நல்லா இருந்தது’ என்றால் ‘எந்த வரி?’ என்று கேளுங்கள். மூன்றாம் படியில் கத்தி ஒளிந்து வரும். ‘ஏன் இவ்வளவு நீளமா எழுதினீங்க?’ என்பது கேள்வி வேடத்தில் வரும் அபிப்பிராயம். ‘கதையை இந்த இடத்தில் தொடங்க எப்படி முடிவு செய்தீங்க?’ என்பது கேள்வி. எழுதியவர் விளக்கம் சொல்லித் தற்காக்கத் தொடங்கினால் நிறுத்தி, அடுத்த படிக்கு நகருங்கள்.

இரண்டு சின்ன விதிகள் கூடவே வேண்டும். ஒன்று, சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கதை எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே வர வேண்டும். பாதிக் கதை என்றால் பாதிக் கதையைப் பேசுவோம், தேதி மாறாது. மற்றது, ‘சரியா வரல, அவசரமா எழுதினது, மன்னிக்கணும்’ என்ற முன்னுரைக்குத் தடை. அந்த வரி அடக்கம்போல் தெரியும். அது செய்வது என்னவென்றால், படிக்கும் முன்பே படிப்பவரை ஆறுதல் சொல்ல வைப்பது. அதற்குப் பிறகு யாரும் உண்மை பேச மாட்டார்கள். கைதட்டல் பொம்மைகளை அட்மின் அமைப்பில் மூட வழி இல்லாவிட்டாலும், கதைகளுக்கு மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஒதுங்கிய இருவரிடம் ‘எப்போ கதை?’ என்று கேட்காதீர்கள். கடன்காரர் குரலாகக் கேட்கும். ‘அடுத்த வாரக் கதைக்குக் கருத்துச் சொல்ல வர்றீங்களா?’ என்று கூப்பிடுங்கள். பிறருடைய பாதி வெந்த கதைகள் மூன்று நான்கைப் பார்த்த பிறகு தன்னுடையதை எடுத்துக் காட்டுவது சுலபம்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. ஒரு எழுத்து கோணினாலும் அழிப்பான், காகிதம் கிழியும், அழுவான். வீட்டுப்பாடம் முடிய இரண்டு மணி நேரம். – வாசகி, சேலம்

பதில்: முதலில் கண், பிறகு கை. எழுத்தைச் சரியாகப் பார்க்க முடியாத குழந்தையும், பென்சிலை இறுக்கிப் பிடித்து விரல் வலிக்கும் குழந்தையும் இப்படித்தான் அழிப்பார்கள். கண் பரிசோதனை செய்துவிட்டு, பென்சில் பிடிப்பை ஆசிரியரோடு சேர்ந்து கவனியுங்கள். எழுத்துகள் தொடர்ந்து இடம் மாறினால் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனையும் தேவைப்படலாம்.

அவை சரியென்றால், அழிப்பானைப் பிடுங்கி வைக்காதீர்கள்; சண்டையாகும். ‘பத்து நிமிடம் ரப்பர் தூங்கட்டும்’ என்று சின்னதாகத் தொடங்குங்கள். பிழையானால் ஒரே ஒரு கோடு அடித்து, பக்கத்தில் எழுதலாம். ஆசிரியரிடம் முன்பே சொல்லி, அடித்தல் இருந்தால் மதிப்பெண் குறையாது என்று அவர் வாயாலேயே அவனிடம் சொல்ல வையுங்கள். அது இல்லாமல் வீட்டுப் பயிற்சி நிற்காது. வீட்டுப்பாடத்துக்கு நாற்பது நிமிட அலாரம். மணி அடித்ததும் எங்கே நின்றாலும் நோட்டை மூடி, நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

நீங்களும் அவன் காதுபடப் பிழை செய்யுங்கள்: ‘அய்யய்யோ, பாலுக்கு உப்பு போட்டுட்டேன், சரி, வேற பால் காய்ச்சுறேன்.’ ‘நீ புத்திசாலி’ என்ற பாராட்டைக் கொஞ்சம் அடக்குங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் கிளாடியா மூலர், கரோல் டுவெக் இருவரும் 1998-ல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் ஒரு தோல்விக்குப் பிறகு சீக்கிரம் துவண்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். ‘அந்த ழகரத்தை மூணு மாதிரி போட்டுப் பார்த்தியே’ என்று செய்ததைச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி: அலுவலக மெயிலை அனுப்பும் முன் இருபது தடவையாவது படிக்கிறேன். அனுப்பிய பிறகும் ‘சென்ட்’ பெட்டியில் போய்ப் படிக்கிறேன். வீட்டுக் கதவு, கேஸ் எல்லாமும் அப்படித்தான். இதுவும் பெர்ஃபெக்‌ஷனிசமா? – வாசகர், திருப்பூர்

பதில்: மெயில் மட்டும் என்றால், இரண்டு முறை என்று நிறுத்திப் பழகலாம் என்றிருப்போம்: முதல் முறை பெறுநர், இணைப்பு, தேதி, தொகை, இரண்டாம் முறை வாய்விட்டு ஒரு வாசிப்பு, அனுப்பு. ஆனால் கதவும் கேஸும் சேர்கின்றன. பார்த்தது தெரிந்தும் பார்க்காமல் இருக்க முடியவில்லை, இதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது என்றால், இது ஓசிடி எனும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். அதை உறுதி செய்ய வேண்டியவர் மனநல மருத்துவர். இதற்குப் பலன் தரும் சிகிச்சை உண்டு: சந்தேகத்தைத் தூண்டும் செயலைச் செய்துவிட்டு, சரிபார்க்காமல் பதற்றம் தானாக இறங்கும்வரை பொறுக்கும் படிப்படியான பயிற்சி. தேவைப்பட்டால் மருந்து, அதன் பலன் முழுதாகத் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம் என்பதால் இரண்டாம் வாரமே நிறுத்திவிட வேண்டாம். வீட்டில் உள்ளவர்கள் ‘பூட்டியாச்சு, பூட்டியாச்சு’ என்று உறுதி சொல்லிக்கொண்டே இருப்பதும் நோய்க்குத் தீனி. அதை எப்படிக் குறைப்பது என்று அவர்களையும் அழைத்துப் போய்க் கேளுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் யாருக்காவது ‘இப்படி இருப்பதற்கு இல்லாமலே போகலாம்’ என்று தோன்றியிருந்தால், குறிப்பு எடுத்துக்கொண்டிருக்காமல் இன்றே அந்த எண்ணை அழையுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். எங்கள் தெருப் பெண்களின் மார்கழிக் கோலக் குழுவில் பிழையை உடனே சொல்லிவிடுவேன்: கம்பி அறுந்திருக்கிறது, பதினைந்துக்கு எட்டு என்று போட்டுவிட்டு நேர்ப்புள்ளி வைத்திருக்கிறார்கள், ‘கோளம்’ என்று எழுதுகிறார்கள். இப்போது யாரும் படம் போடுவதில்லை. நான் சொன்னதில் என்ன தப்பு? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: சொன்னது சரி, டீச்சர். பதினைந்துக்கு எட்டு என்றால் இடைப்புள்ளிதான். ஆனால் அவர்கள் மாணவிகள் இல்லை, அது விடைத்தாளும் இல்லை. காலை ஐந்து மணிக்குக் குளிரில் குனிந்து போட்டுவிட்டு, நிமிர்ந்து படம் எடுத்து அனுப்புகிறார்கள். முதலில் வருவது ‘கம்பி அறுந்திருக்கு’ என்றால், மறுநாள் கோலம் போடுவார்கள், படம் அனுப்ப மாட்டார்கள்.

இந்த மார்கழி முழுக்க ஒருவருக்கு ஒரே ஒரு திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘சொல்லலாமா?’ என்று கேட்டுவிட்டு, மத்தியானத்துக்கு மேல், தனிச் செய்தியில். எழுத்துப் பிழையைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அதற்கு முன்னால் உங்கள் வாசல் கோலத்தின் படத்தைப் போடுங்கள், கால் பட்டுக் கலைந்த மூலையோடு. யாராவது அதில் பிழை கண்டுபிடித்துச் சொன்னால் ‘ஆமா’ என்று மட்டும் பதில் போடுங்கள், விளக்கம் வேண்டாம்.